ஆசிரியர்களின் தோழர்: கலாநிதி ஸாகிர் ஹுஸைன்

இந்தியாவின் மூன்றாவது ஜனாதிபதி; அப்பதவியை வகித்த முதலாவது முஸ்லிம். கலாநிதி ஸாகிர் ஹுஸைன் அவர்களைப் பற்றி நம்மில் பெரும்பாலானோர் அறிந்து வைத்திருப்பது இவ்வளவுதான். பொது அறிவுப் போட்டிக்கு இந்த விடை போதும். ஆனால் அவர் ஜனாதிபதியாக இருந்த காலம் முழுமையாக இரண்டு ஆண்டுகள் கூட இல்லை. கல்விக்கூடங்களில் அவர் கழித்ததோ ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். ஏழைக் கிராமத்துப் பிள்ளை ஏட்டை மட்டும் பார்த்து மனனம் செய்வதோடு நின்றுவிடக் கூடாது. அதன் கையும் கண்ணும் செவியும் சேர்ந்து கற்க வேண்டும் என்று விரும்பியவர் அவர். அதைவிட முக்கியமான ஒன்றையும் அவர் அறிந்திருந்தார். அந்தக் கல்வியைக் கொடுக்க வேண்டிய ஆசிரியரைத் தனியே விட்டுவிட்டால் எந்தத் திட்டமும் உருப்படாது என்பதே அது. அவருடைய வாழ்க்கையை இந்தக் கோணத்திலிருந்து பார்ப்பது மாணவியருக்கும் பெற்றோருக்கும் பயனளிக்கும்.

ஸாகிர் ஹுஸைன் 1897 பெப்ரவரி 8ஆம் திகதி ஹைதராபாத்தில் பிறந்தார். அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் வட இந்தியாவின் பரூக்காபாத் மாவட்டத்திலுள்ள காயம்கஞ்ச் என்ற ஊர். தந்தை பிதா ஹுஸைன் கான் ஹைதராபாத்தில் பெயர் பெற்ற வழக்கறிஞர். மகனுக்குப் பத்து வயதாக இருந்தபோது தந்தை காலமானார். குடும்பம் காயம்கஞ்சுக்குத் திரும்பியது. இட்டாவா நகரிலிருந்த இஸ்லாமியா உயர்தரப் பாடசாலையின் விடுதியில் ஸாகிர் சேர்க்கப்பட்டார். அங்கே படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1911ஆம் ஆண்டு, கொள்ளைநோய் தாயையும் கொண்டுபோயிற்று. பதினான்கு வயதில் தாயும் தந்தையும் இல்லாதவரானார். அந்த நாட்களில் அவருக்கு ஆறுதலாகவும் வழிகாட்டியாகவும் நின்றவர் பாடசாலையின் தலைமையாசிரியர் ஸெய்யித் அல்தாப் ஹுஸைன். ஓர் ஆசிரியர் ஒரு பிள்ளைக்கு என்னவாக இருக்க முடியும் என்பதை ஸாகிர் ஹுஸைன் நூல்களில் படித்து அறியவில்லை, அனுபவித்தே அறிந்தார்.

இட்டாவாவிலிருந்து அலிகார் கல்லூரிக்குச் சென்றார். திறமையான மாணவர், நல்ல பேச்சாளர். விரும்பியிருந்தால் அரசாங்க உத்தியோகம் ஒன்று அவரைத் தேடி வந்திருக்கும். ஆனால் 1920இல் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகாருக்கு வந்து, அந்நிய ஆட்சியின் உதவியில் இயங்கும் கல்லூரிகளை விட்டு வெளியேறுமாறு இளைஞர்களை அழைத்தார்கள். அழைப்பை ஏற்று வெளியேறியவர்களில் ஸாகிர் ஹுஸைனும் ஒருவர். வெளியேறினால் மட்டும் போதாது, படிப்பதற்கு வேறு இடம் வேண்டும் என்று அவரும் நண்பர்களும் தலைவர்களை வற்புறுத்தினார்கள். அவ்வாண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி மௌலானா மஹ்மூதுல் ஹஸன் அவர்களால் அலிகாரில் ஜாமியா மில்லியா இஸ்லாமியா ஆரம்பித்து வைக்கப்பட்டது. கட்டடங்கள் இல்லாமல், கூடாரங்களில் தொடங்கிய கல்விக்கூடம் அது.

1922இல் மேற்படிப்புக்காக ஸாகிர் ஹுஸைன் ஜேர்மனிக்குச் சென்றார். பேர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, பிரித்தானிய இந்தியாவின் விவசாய அமைப்பை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். இந்தியக் கிராமம் ஏன் ஏழையாக இருக்கிறது என்ற கேள்வி அவரது ஆய்விலேயே இருந்தது. அதே காலத்தில் ஜேர்மனியக் கல்வியாளர் கேர்ஷென்ஸ்டைனரின் சிந்தனைகள் அவரை ஈர்த்தன. மியூனிக் நகரப் பாடசாலைகளில் தொழிற்கூடங்களையும் தோட்டங்களையும் ஏற்படுத்தி, செய்து கற்பதற்கு இடம் கொடுத்தவர் கேர்ஷென்ஸ்டைனர். ஒரு வேலையைக் குறைவின்றிச் செய்து முடிக்கப் பழகும் பிள்ளையிடம் நேர்மையும் பொறுமையும் தாமாகவே வளர்கின்றன என்ற எண்ணம் ஸாகிர் ஹுஸைனின் உள்ளத்தில் வேரூன்றியது. அவரும் கைவேலைக்குக் கூச்சப்படுபவர் அல்லர். மிர்ஸா காலிபின் கவிதைத் தொகுப்பை பேர்லினில் அழகிய சிறு நூலாக வெளியிட்டபோது, அச்சகத்தில் நின்று தம் கையாலேயே எழுத்துக் கோத்தார்.

அவர் ஜேர்மனியில் இருக்கும்போதே ஜாமியாவுக்குச் சோதனைக் காலம் வந்தது. கிலாபத் இயக்கம் தளர்ந்ததும் அதிலிருந்து கிடைத்த நிதியும் நின்றுபோனது. கல்விக்கூடத்தை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. செய்தி பேர்லினை எட்டியபோது ஸாகிர் ஹுஸைனும், உடன் படித்துக்கொண்டிருந்த ஆபித் ஹுஸைன், முஹம்மத் முஜீப் ஆகிய நண்பர்களும் ஜாமியாவுக்கே தம் வாழ்நாளைக் கொடுக்க முடிவு செய்தனர். தாங்கள் வரும்வரை மூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டனர். ஜாமியா 1925இல் டில்லியின் கரோல் பாக் பகுதிக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டு நாடு திரும்பிய ஸாகிர் ஹுஸைன் 29ஆவது வயதில் அதன் உபவேந்தரானார்.

பதவியின் பெயர் பெரிது. கையில் இருந்த பணமோ மிகச் சொற்பம். தம் சொந்தச் செல்வாக்கினால் ஜாமியாவைத் தாங்கி வந்த ஹகீம் அஜ்மல் கான் 1927இன் இறுதியில் காலமானார். கடன் மட்டுமே மிஞ்சியது. 1928இல் ஸாகிர் ஹுஸைனும் சக ஆசிரியர்களும் கூடி ஒரு சங்கம் அமைத்து உறுதிமொழி எடுத்தார்கள். இருபது ஆண்டுகள் ஜாமியாவில் பணியாற்றுவது, மாதம் 150 ரூபாவுக்கு மேல் சம்பளம் கேட்பதில்லை என்பதே அந்த உறுதிமொழி. நடைமுறையில் அந்த 150 ரூபாவும் கிடைக்கவில்லை. வெளிநாட்டுப் பட்டம் பெற்றவர்கள் அதைவிட மிகக் குறைந்த தொகையில் குடும்பம் நடத்தினார்கள். உபவேந்தரின் வீட்டிலும் அதே நிலைதான். தாம் சுமக்காத சுமையைத் தம் ஆசிரியர்கள் மீது அவர் வைக்கவில்லை. ஆசிரியர்கள் அவருடன் நிலைத்து நின்றதற்கு இதுவே காரணம்.

ஜாமியாவின் ஆரம்பப் பாடசாலையே அவருடைய இதயமாக இருந்தது எனலாம். அங்கே பிள்ளைகள் தாங்களே ஒரு கடை நடத்தினார்கள், வங்கி நடத்தினார்கள், கோழி வளர்த்தார்கள். கணக்கு அந்தக் கடையின் பேரேட்டில் இருந்தது. மொழி அவர்கள் எழுதிய அறிவித்தல்களில் இருந்தது. நாடகமும் சித்திரமும் விழா நாட்களுக்கு மட்டும் உரியவையாக இல்லாமல் படிப்போடு கலந்திருந்தன. பேர்லினில் அறிமுகமான கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்ற யூதப் பெண்மணி டில்லிக்கு வந்து ஜாமியாவின் பாலர் பகுதியைப் பொறுப்பேற்றார். 1943இல் மரணிக்கும் வரை அந்தப் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தார். 1935இல் டில்லிக்கு வெளியே ஓக்லா கிராமத்தில் ஜாமியாவின் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது பிரமுகர் எவரும் அழைக்கப்படவில்லை. ஜாமியாவின் மிகச் சிறிய மாணவனே அந்தக் கல்லை வைத்தான்.

ஸாகிர் ஹுஸைன் பிள்ளைகளுக்காகக் கதைகளும் எழுதினார். உபவேந்தர் என்ற பெயரைப் போடாமல், தம் மகளின் பெயரில் அவற்றை வெளியிட்டார். அந்தச் சிறு மகள் தொடர்பான ஒரு நிகழ்ச்சியை அவரை அறிந்தவர்கள் திரும்பத் திரும்ப நினைவுகூர்ந்திருக்கிறார்கள். ஒரு நாள் ஆரம்பப் பாடசாலையில் பெறுபேறுகள் அறிவிக்கப்பட்டு, அவர் பிள்ளைகளுக்கு இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தார். ஊழியர் ஒருவர் வந்து காதருகே குழந்தை இறந்துவிட்ட செய்தியைச் சொன்னார். அவர் முகம் வெளிறியது. ஆனால் கை நிற்கவில்லை. கடைசிப் பிள்ளை வரை இனிப்பைக் கொடுத்து முடித்த பிறகே வீட்டுக்குப் புறப்பட்டார். பிள்ளைகள் அவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததால் அதைக் கலைக்க மனம் வரவில்லை என்பதே பின்னர் அவர் கூறிய காரணம். இது கல்நெஞ்சம் அல்ல. அவர் பல நாட்கள் கண்ணீருடன் துயருற்றதை வீட்டார் அறிவார்கள்.

1937ஆம் ஆண்டு அவரது பணியை டில்லியிலிருந்து நாட்டின் கிராமங்களுக்குக் கொண்டு சென்றது. அவ்வாண்டு ஒக்டோபர் 22, 23ஆம் திகதிகளில் வார்தாவில் காந்தியடிகள் ஒரு கல்வி மாநாட்டைக் கூட்டினார். கிராமப் பாடசாலைகளுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. இருந்த பாடசாலைகளிலும் பிள்ளைகள் ஓரிரு வருடங்களில் படிப்பைக் கைவிட்டார்கள். பாடமோ அவர்கள் வாழ்க்கையோடு ஒட்டாதது. ஆகவே ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதைச் சுற்றியே எல்லாவற்றையும் கற்பிக்கலாம். பிள்ளைகள் செய்யும் பொருள்களின் வருமானம் ஆசிரியரின் சம்பளத்துக்கு உதவும் என்பது காந்தியடிகளின் எண்ணம்.

ஸாகிர் ஹுஸைன் அங்கே எழுந்து தம் மனதில் பட்டதைத் தயங்காமல் கூறினார். கைத்தொழில் வழிக் கல்வியை அவர் முழு மனதோடு வரவேற்றார். ஆனால் வருமானத்தில் அதிகம் கண் வைத்தால், ஆசிரியர் பிள்ளைகளை வேலை வாங்கும் கங்காணியாக மாறிவிடக்கூடும் என்று எச்சரித்தார். தம் கருத்துக்கு மாறாகப் பேசிய அவரையே பாடத்திட்டம் தயாரிக்கும் குழுவுக்குத் தலைவராக்கினார்கள். இது ஸாகிர் ஹுஸைனுக்கு மட்டுமன்றிக் காந்தியடிகளுக்கும் பெருமை சேர்க்கும் விடயம்.

அந்தக் குழுவோடு எமது நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. அதன் அமைப்பாளராகச் செயற்பட்டவர் யாழ்ப்பாணத்தவரான ஈ. டபிள்யூ. ஆரியநாயகம். சாந்திநிகேதனில் தாகூருடன் பணியாற்றிவிட்டு வார்தாவுக்கு வந்தவர் அவர். அவருடைய மனைவி ஆஷாதேவியும் குழுவில் இடம்பெற்றார். தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, அலிகாரில் உருவான கல்வியாளர் கே. ஜி. ஸெய்யிதைன், வினோபா பாவே ஆகியோரும் உறுப்பினர்கள். பல சமயத்தவரும் பல மொழியினரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஏழைப் பிள்ளையின் ஒரு நாள் எப்படி அமைய வேண்டும் என்று கணக்கிட்டார்கள். டிசம்பர் 2ஆம் திகதி அறிக்கை கையளிக்கப்பட்டது.

ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. தாய்மொழி வழிப் போதனை. ஒரு மூலக் கைத்தொழில். அதனோடு கணிதம், சமூகக் கல்வி, பொது விஞ்ஞானம், சித்திரம், சங்கீதம். நூல் நூற்றல், நெசவு, மரவேலை, விவசாயம் போன்றவற்றில் ஊருக்குப் பொருத்தமானதைத் தெரிந்துகொள்ளலாம். ஐந்தாம் வகுப்பு வரை ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் ஒரே பாடவிதானம். பாடசாலை நாள் ஐந்தரை மணித்தியாலம். அதில் 3 மணி 20 நிமிடம் கைத்தொழிலுக்கும், 40 நிமிடம் சங்கீதம், சித்திரம், கணிதம் ஆகியவற்றுக்கும், 40 நிமிடம் தாய்மொழிக்கும், 30 நிமிடம் சமூகக் கல்விக்கும் விஞ்ஞானத்துக்கும் ஒதுக்கப்பட்டன. மீதி உடற்பயிற்சிக்கும் இடைவேளைக்கும் உரியது.

கைத்தொழிலுக்கு இவ்வளவு நேரமா என்று பெற்றோர் கேட்கலாம். அந்த நேரம் வெறும் வேலை நேரமாகக் கருதப்படவில்லை. தக்ளி எனப்படும் சிறு கைக்கதிரில் ஒரு பிள்ளை நூல் நூற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை சுற்று, எவ்வளவு நீளம், எவ்வளவு நிறை என்று பார்க்கும்போது அது கணிதம். பருத்தி எந்த மண்ணில் விளையும் என்று கேட்கும்போது அது புவியியல். நம் ஊர் நெசவாளர் எப்படி ஏழையானார் என்று கேட்கும்போது அது வரலாறு. ஈரம் பட்டால் பஞ்சு ஏன் கனக்கிறது என்று கேட்கும்போது அது விஞ்ஞானம். துணியின் கரைக்கு ஒரு கோலம் வரையும்போது சித்திரம். வடிவத்தையும் நிறத்தையும் நுணுகிக் காணக் கண்ணைப் பழக்குவது, இயற்கையிலும் கலையிலும் உள்ள அழகைச் சுவைப்பது ஆகியன சித்திரப் பாடத்தின் நோக்கங்களாக இருந்தன. சங்கீதத்திலும் தனி வித்துவானை உருவாக்கும் எண்ணம் இல்லை. பிள்ளைகள் கைதட்டித் தாளம் பிடித்து ஒன்றாகச் சேர்ந்து பாடுவதே விரும்பப்பட்டது. இதற்கெல்லாம் விலை கூடிய கருவிகள் தேவையில்லை. ஏழைப் பாடசாலையாலும் முடியும்.

ஆனால் இவற்றை இணைத்துக் காட்டுவது யார்? ஆசிரியர்தான். தக்ளியைச் சுற்றத் தெரிந்தவருக்கு அதிலிருந்து கணக்கை எடுக்கத் தெரியாமல் போகலாம். கணக்குத் தெரிந்தவர் தக்ளியைத் தொட்டிருக்கவே மாட்டார். தாம் ஒருபோதும் கற்றிராத முறையில் கற்பிக்கும்படி கிராமத்து ஆசிரியரிடம் கேட்கிறோம் என்பதை ஸாகிர் ஹுஸைன் குழு மறக்கவில்லை. எனவே ஆசிரியர் பயிற்சிக்கென முழுமையான பாடத்திட்டம் ஒன்றையும், அவசரத் தேவைக்காக ஒரு வருடக் குறுகிய பயிற்சியையும் அறிக்கையிலேயே வரைந்தது. பாடசாலைகளை மேற்பார்வை செய்ய வருபவர், குறை கண்டுபிடிக்கும் அதிகாரியாக இல்லாமல் அனுபவமிக்க வழிகாட்டியாக ஆசிரியருக்குத் துணைநிற்க வேண்டும் என்றது. ஆசிரியரையும் பிள்ளையையும் ஒருசேர வருத்தும் பரீட்சை முறையையும் மாற்றச் சொன்னது.

சொன்னதோடு நிற்கவில்லை. 1938இல் கிராமப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை ஆயத்தம் செய்யும் பயிற்சிக் கலாசாலை ஜாமியாவில் திறக்கப்பட்டது. உர்தூவில் அதற்கு உஸ்தாதுகளின் மத்ரஸா என்று பெயர். ஆசிரியரும் ஒரு மாணவரே என்பது அந்தப் பெயரிலேயே அடங்கியிருந்தது. நாடளாவிய ரீதியில் இப்பணியைக் கவனிக்க உருவான ஹிந்துஸ்தானி தாலீமி சங்கத்துக்கும் ஸாகிர் ஹுஸைனே தலைவரானார். ஆரியநாயகம் அதன் செயலாளர்.

இந்தப் பணி அவருக்கு இலகுவாக இருக்கவில்லை. திட்டத்தில் மார்க்கக் கல்விக்கு இடமில்லை என்றும், இது முஸ்லிம்களுக்கு எதிரானது என்றும் முஸ்லிம் லீக் கடுமையாகக் கண்டித்தது. வாழ்நாள் முழுவதும் முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்காகப் பட்டினி கிடக்கவும் தயாராக இருந்த ஒருவர், தம் சமூகத்தவரிடமிருந்தே பழிச்சொல் கேட்க நேர்ந்தது. அவர் கோபத்தோடு பதிலுக்குப் பதில் பேசவில்லை. 1946இல் ஜாமியாவின் வெள்ளிவிழா மேடையில் ஜவஹர்லால் நேருவையும் முஹம்மத் அலி ஜின்னாவையும் ஒன்றாக அமர வைத்து, நாட்டில் மூண்டிருக்கும் பகைமைத் தீயை அணைக்குமாறு இருதரப்பிடமும் மன்றாடினார். தீ அணையவில்லை. அடுத்த ஆண்டு பிரிவினைக் கலவரத்தில் ஜலந்தர் புகையிரத நிலையத்தில் அவரே கொலையின் விளிம்புவரை சென்று, மாற்று மதத்தவரான நல்லவர்களின் உதவியால் உயிர் தப்பினார். ஜாமியாவின் புத்தக நிலையம் தீக்கிரையானது. அவர் மீண்டும் பாடசாலைக்கே திரும்பினார்.

சுதந்திரத்தின் பின் 1948 முதல் 1956 வரை அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் உபவேந்தராகவும், 1957 முதல் பீஹார் ஆளுநராகவும் பணிபுரிந்தார். 1962இல் உப ஜனாதிபதி, 1963இல் பாரத ரத்னா விருது, 1967இல் ஜனாதிபதி. பதவிகள் உயர்ந்த அதே காலத்தில், அவர் உருவாக்கிய கல்வித் திட்டம் நாடெங்கும் பெயரளவில் பரவி, உள்ளே வெறுமையாகிக்கொண்டிருந்தது. பல பாடசாலைகளில் பெயர்ப்பலகை மாறியது, தக்ளிகள் வந்தன, ஆனால் ஆசிரியருக்குப் போதிய பயிற்சியும் இல்லை, துணையும் இல்லை. நூற்றல் ஒரு பக்கம், பழைய மனனப் படிப்பு இன்னொரு பக்கம் என்று இரண்டும் சேராமலே கிடந்தன. நகரத்து வசதி படைத்தோர் தம் பிள்ளைகளை வேறு பாடசாலைகளுக்கு அனுப்பினார்கள்.

தம் பெயரோடு இணைந்த திட்டம் என்பதற்காக ஸாகிர் ஹுஸைன் இதை மூடிமறைக்கவில்லை. நடைமுறையில் இருப்பது பெரும்பாலும் போலியே என்று ஆளுநராக இருந்தபோதே பொதுமேடையில் ஒப்புக்கொண்டார். தாம் செய்த வேலை தோற்றுப்போவதைத் தாமே எடுத்துச் சொல்வதற்கு மிகுந்த நேர்மை வேண்டும். கைத்தொழிலை நடுவில் வைத்த எண்ணம் தவறு என்று அவர் கருதவில்லை. ஆயத்தம் செய்யப்படாத ஆசிரியரிடம் அதை ஒப்படைத்ததே தவறு.

ஜனாதிபதி மாளிகையிலும் அவர் ஓர் ஆசிரியராகவே வாழ்ந்தார். ரோஜாச் செடிகளைப் பேணினார். விதவிதமான கற்களையும் புதைபடிவங்களையும் சேகரித்தார். அழகிய கையெழுத்துக் கலையை ரசித்தார். 1969 மே 3ஆம் திகதி மாரடைப்பினால் வபாத்தானார். பதவியில் இருக்கும்போதே மறைந்த முதலாவது இந்திய ஜனாதிபதி அவரே. ஜனாஸா ஜாமியா வளாகத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டது. கூடாரத்தில் தொடங்கி, மூடப்படவிருந்து, ஆசிரியர்களின் தியாகத்தால் பிழைத்த அந்தக் கல்விக்கூடத்தின் மண்ணில் அவர் உறங்குகிறார்.

இச்சஞ்சிகையைப் படிக்கும் மாணவியரில் பலர் நாளை ஆசிரியைகளாவர். சிலருக்கு முதல் நியமனம் தூரத்துக் கிராமம் ஒன்றில் கிடைக்கும். அங்கே வர்ணப்பெட்டி இருக்காது. ஆனால் களிமண் இருக்கும், ஓலை இருக்கும், பாடத் தெரிந்த மூத்தம்மா ஒருவர் இருப்பார். அவற்றைப் பாடத்தோடு சேர்க்க ஓர் ஆசிரியையால் முடியும். ஆனால் தனித்து நின்று நெடுநாள் முடியாது. அதிபரும் அதிகாரிகளும் பெற்றோரும் அவருக்குத் தோள் கொடுக்க வேண்டும். வகுப்பில் பிள்ளை பாய் பின்னியது என்று கேள்விப்பட்டால் படிப்பு வீணாகிறது என்று முறையிட ஓடாமல், அந்தப் பாயில் எத்தனை கணக்கு இருக்கிறது என்று பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கலாம். ஸாகிர் ஹுஸைன் அவர்களின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் இது. அல்லாஹ் அன்னாரின் பணிகளைப் பொருந்திக்கொள்வானாக.